இரவின் கதை – 9: கயிற்றில் ஒட்டி வந்த மணல்

புது மேண்டில் கட்டுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை நூலில் பின்னிய சிறு பை அது. பெட்ரோமாக்ஸின் பீங்கான் மூக்கில் மாட்டி, நூலை இழுத்து முடிச்சுப் போட்டு, சுருக்கங்களை விரல் நுனியால் நீவிவிட வேண்டும். அடியில் தீக்குச்சியைக் காட்டினால் பை கறுத்துச் சுருங்கி எரியும். நூலெல்லாம் எரிந்து தீர்ந்த பிறகு, அதே பையின் வடிவத்தில், அதே கண்ணிகளோடு, வெள்ளைச் சாம்பல் கூடு ஒன்று மிஞ்சும். எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வாடகை லைட் கொண்டுவருகிற மாமா அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பக்கத்தில் அண்டவிட மாட்டார். "தொட்டுராதலே, உதுந்து போயிரும்" என்பார். தொடக்கூட வேண்டாம், கொஞ்சம் பலமாக ஊதினாலே போதும். ஆனால் அவர் பம்ப் அடித்து, மண்ணெண்ணெய் ஆவியாகி அந்தக் கூட்டுக்குள் எரியத் தொடங்கியதும், அதே சாம்பல் கோயில் வாசல் முழுவதையும் பகலாக்கிவிடும். சாமி புறப்பாட்டின்போது அந்த விளக்குகளைத் தலையில் சுமந்து வருகிறவர்களின் முகம் மட்டும் நிழலில் இருக்கும்.

'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியும் செந்திலும் மேண்டிலை வைத்து நடித்த காட்சி 1984-ல் வந்தது. பெட்ரோமாக்ஸைக் கண்ணால் பார்க்காத தலைமுறைக்கும் மேண்டில் என்ற சொல் தெரிந்திருப்பதற்கு அந்தக் காட்சிதான் காரணம்.

நூல் எரிந்துபோன பிறகும் எரியாமல் நிற்கிற அந்தச் சாம்பல் என்ன? அது எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்கு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது. அங்கே போவதற்கு முதலில் நிலக்கரியைக் கடக்க வேண்டும்.

கடந்த வாரங்களில் பார்த்த விளக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். 1667-ல் பாரிஸின் காவல் தலைவராகப் பொறுப்பேற்ற லா ரேனி, தெருக்களின் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்ட லாந்தர்களில் எரிந்தது கால்நடைக் கொழுப்பில் வார்த்த மெழுகுவத்தி. ஓவியர் யான் வான் டெர் ஹேடன் 1669-ல் ஆம்ஸ்டர்டாமுக்கு வகுத்துக் கொடுத்த கண்ணாடி விளக்குகளுக்கு எண்ணெய். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் தெருக்கள் எரித்தது திமிங்கில எண்ணெய்; அதற்காக ஹல், விட்பி துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் கிரீன்லாந்துப் பனிக்கடல் வரை போய்வந்தன. பாரிஸில் பிறகு வந்த, பிரதிபலிப்புத் தகடு வைத்த விளக்குகளுக்கு இறைச்சிக் கழிவின் குடலைக் காய்ச்சி எடுத்த எண்ணெய் ஊற்றினார்கள். வெளிச்சம் எந்த ஊரில் எரிந்ததோ அந்த ஊரின் பெயரில்தான் வரலாறு எழுதப்படுகிறது. அது எந்தக் கடலிலிருந்து, யார் கையால் வந்தது என்பதைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதே அந்தத் தேடலுக்காகத்தான்.

இனி நிலக்கரி வாயு. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் மர்டாக், ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1792-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், ரெட்ரூத் ஊரில் தன் வீட்டில் நிலக்கரி வாயுவால் விளக்கேற்றினார். மூடிய பாத்திரத்தில் காற்றுப் படாமல் நிலக்கரியைச் சுட்டால் அது எரியாது. வாயு ஒன்று பிரிந்து வரும். அதைக் குழாயில் கொண்டுபோய் நுனியில் பற்றவைத்தால் சுடர். தத்துவம் இவ்வளவுதான். இதே காலத்தில் பிரான்சில் பிலிப் லெபோன் மரத்திலிருந்து வாயு எடுத்து 1801-ல் பாரிஸில் ஒரு மாளிகையை ஒளியேற்றிக் காட்டினார். மூன்று ஆண்டுகளில் இறந்தும் போனார்.

மர்டாக்கின் வெளிச்சம் முதலில் போனது தெருவுக்கல்ல, ஆலைக்கு. சால்ஃபோர்டில் இருந்த ஃபிலிப்ஸ் அண்டு லீ பருத்தி ஆலையில் 1805 தொடங்கி தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட காஸ் சுடர்கள் பொருத்தப்பட்டன. 1808-ல் ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில் மர்டாக் கணக்கைத் துல்லியமாகச் சொன்னார்: மெழுகுவத்தி என்றால் ஆண்டுக்கு 2,000 பவுண்டு, காஸ் என்றால் 600 பவுண்டு. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் அந்தக் கணக்குக்கு என்ன பொருள் என்று ஆலைத் தொழிலாளிகள் வீட்டில் கேட்டால் தெரியும். சூரியன் இறங்கினால் வேலை நிற்கும் என்றிருந்த பழைய ஒழுங்கு அங்கே முடிந்துபோனது.

தெருவுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கிலிருந்து லண்டனுக்கு வந்த ஃபிரெடெரிக் ஆல்பர்ட் வின்சர். மர்டாக்குக்கு இருந்த தொழில்நுட்பத் தெளிவு அவருக்கு இல்லை. ஆனால் மர்டாக்குக்குத் தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றியது: ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி உலை வைப்பதற்குப் பதிலாக ஓரிடத்தில் வாயுவை உண்டாக்கி, தெருவுக்கு அடியில் குழாய் பதித்து ஊர் முழுக்கக் கொடுத்தால் என்ன? 1807-ல் லண்டனின் பால் மால் தெருவில் அவர் ஏற்றிய காஸ் விளக்குகளைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. 1812-ல் அரசு உரிமம் பெற்ற நிறுவனம் உருவாயிற்று. 1813 டிசம்பர் 31 இரவு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் காஸ் விளக்குகள் எரிந்தன. குழாய்க்குள் நெருப்பு ஓடுகிறது என்று நம்பிய மக்கள் அதைத் தொடப் பயந்தார்களாம். விளக்கேற்றும் ஆட்களே பற்றவைக்க மறுத்ததால், பொறியாளர் சாமுவேல் கிளெக் சில இரவுகள் தானே ஏணி வைத்து ஏறி விளக்கேற்றினார் என்றும் சொல்வார்கள். வின்சர் பிறகு பாரிஸுக்குப் போனார். 1830-ல் அங்கேயே இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1829-ன் முதல் நாளில், பாரிஸின் காரூசல் சதுக்கத்தில் காஸ் விளக்கு வந்திருந்தது. பெர்லினின் உண்டர் டென் லிண்டன் சாலைக்கு 1826-லேயே வந்துவிட்டது. வைத்தது ஓர் ஆங்கிலேய நிறுவனம்.

எல்லோரும் இதைக் கைதட்டி வரவேற்கவில்லை. 1819 மார்ச் 28 அன்று கொலோன் நகரச் செய்தித்தாளில் தெருவிளக்குக்கு எதிராக ஒரு கட்டுரை வந்தது. ஒளியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பது வழக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவு இருட்டாக இருக்க வேண்டும் என்பது இறைவன் வகுத்த ஒழுங்கு, அதை மனிதன் மாற்றக் கூடாது என்று அது தொடங்குகிறது. விளக்கே வேண்டாம் என்கிறவன் ஏன் அதற்கு வரி கட்ட வேண்டும் என்று கேட்கிறது. புகை உடம்புக்கு ஆகாது. வெளிச்சம் இருக்கிறதே என்று மக்கள் நேரங்கழித்து வெளியே சுற்றிச் சளி பிடித்துக்கொள்வார்கள். இருட்டு என்ற அச்சம் போய்விட்டால் குடிகாரன் விடியும்வரை குடிப்பான். குதிரைகள் மிரளும், திருடர்களுக்குத் துணிச்சல் வரும். தினமும் வெளிச்சம் இருந்தால் திருவிழா நாளின் விளக்கலங்காரத்துக்கு என்ன மதிப்பு? இவற்றில் சில பயத்தில் பிறந்தவை. சில இன்றைய உறக்க ஆராய்ச்சியாளர்களும் வானியலாளர்களும் வேறு சொற்களில் சொல்கிறவை. ஆனால் நான் குறித்துவைத்துக்கொண்டது அந்தப் பட்டியலில் பலரும் தாண்டிப்போகிற ஒரு வாதத்தை: விளக்கெரிக்கும் பொருளுக்காக, அது எண்ணெயானாலும் நிலக்கரியானாலும், ஆண்டுதோறும் பெரும் பணம் வெளிநாட்டுக்குப் போகும் என்றது அந்தக் கட்டுரை. வெளிச்சம் வெளியூரிலிருந்து வருகிறது என்பதை 1819-லேயே ஒருவர் கணக்கெழுதிப் பார்த்திருக்கிறார்.

லண்டன் எரித்த நிலக்கரி நியூகாசில், டர்ஹாம் பகுதிச் சுரங்கங்களிலிருந்து வடகடல் வழியாகக் கப்பலில் வந்தது. ஒரு டன் நிலக்கரியிலிருந்து சுமார் 10,000 கன அடி வாயு கிடைக்கும். அதை எடுக்க, வரிசை வரிசையாக அடுக்கிய மூடிய உலைக்குழாய்களில் நிலக்கரியை மண்வெட்டியால் அள்ளிப் போட்டு, சில மணி நேரம் சுட்டு, கதவைத் திறந்து, கனன்று சிவந்த கோக் கரியை இழுத்துத் தள்ளிவிட்டு, மறுபடி நிரப்ப வேண்டும். கதவு திறக்கிறபோது சுவாலை முகத்துக்கு நேராகப் பாயும். வாயு நின்றால் ஊர் இருண்டுவிடும் என்பதால் உலைக்கு ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. ஆட்களுக்கு ஒரு முறைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை.

1870-ல் தேம்ஸ் கரையில் பெக்டன் என்ற இடத்தில் பிரம்மாண்டமான காஸ் ஆலை ஒன்று எழுந்தது. இரண்டே ஆண்டுகளில், 1872 டிசம்பரில், லண்டன் காஸ் ஆலைகளின் உலைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரத்தின் தெருக்கள் பல இருண்டன. ஆடம்பரக் கடைவீதியில் நடந்துபோகிறவர்களுக்கு, தங்கள் தலைக்கு மேல் எரிகிற சுடரின் மறுமுனையில் ஒரு மனிதன் நிற்கிறான் என்பது அந்த இரவுகளில்தான் முதன்முதலாக உறைத்திருக்க வேண்டும். அந்த உணர்வு கருணையாக மாறவில்லை. பெக்டன் தொழிலாளிகள் ஐந்து பேர்மீது சதி வழக்குப் போட்டு 12 மாதச் சிறை விதித்தார்கள். பிறகு தண்டனை குறைக்கப்பட்டது. அதே 1872-ல் வெளிவந்த பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரேயின் லண்டன் படங்களில் லாம்பெத் காஸ் ஆலையைக் காட்டுகிற ஒன்று உண்டு. நகரத்துக்கே வெளிச்சம் செய்கிற இடத்தில் ஆட்கள் அரையிருட்டில் துவண்டு கிடக்கிறார்கள். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்த அன்று வெகுநேரம் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.

பதினேழு ஆண்டுகள் கழித்து அதே பெக்டனில் வேலை பார்த்த வில் தோர்ன், 1889 மார்ச்சில் காஸ் தொழிலாளிகளுக்குச் சங்கம் அமைத்தார். ஆறு வயதில் கூலிக்குப் போனவர், பள்ளிக்கூடம் கண்டவரல்ல. அவருக்கு எழுத்தும் வாசிப்பும் கைவர உதவியவர் கார்ல் மார்க்சின் மகள் எலியனோர். அந்தக் கோடையிலேயே பன்னிரண்டு மணி நேரம் எட்டாகக் குறைந்தது, அதுவும் வேலைநிறுத்தம் இல்லாமலே. பிறகு தேம்ஸின் தென்கரையில் இருந்த இன்னொரு காஸ் நிறுவனம் வெளியாட்களைக் கொண்டுவந்து அங்கே சங்கத்தை முறித்தது. என்றாலும் எட்டு மணி நேரம் என்ற சொல் ஊர் ஊராகப் பரவிவிட்டது. தோர்ன் 1906-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

இந்த ஆலைகளின் கழிவைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. நிலக்கரியைச் சுட்டபோது அடியில் தங்கிய தாரை என்ன செய்வது என்று தெரியாமல் ஆற்றில் விட்டார்கள், குழியில் கொட்டினார்கள். பிறகு வேதியியலாளர்கள் அதிலிருந்து சாயம் எடுக்கக் கற்றார்கள். 1856-ல் ஊதா வந்தது. 1868-ல் அலிசரின் என்ற சிவப்பு. அது சந்தைக்கு வந்த பிறகு நம் கடற்கரையின் சாயவேர்ச் சிவப்புக்கு இடமில்லாமல் போயிற்று. 1897-ல் செயற்கை அவுரி. ஐரோப்பியத் தெருவிளக்கின் கசடு நம் சாயக்காரர்களின் தொட்டியைக் காலி செய்த கதை தனியாக எழுதப்பட வேண்டியது.

காஸுக்கும் கெட்ட காலம் வந்தது. 1878-ல் பாரிஸின் ஓபரா அவென்யூவில் ரஷ்யப் பொறியாளர் யப்லோச்கோவின் மின்வில் விளக்குகள் எரிந்தன. கண்ணைக் குத்துகிற வெள்ளை. எழுத்தாளர் ஸ்டீவன்சன் மனம் பொறுக்காமல் காஸ் விளக்குக்காகப் பரிந்து ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், எடிசன் வீட்டுக்குள் எரிகிற மின்விளக்கைச் செய்யப் போகிறார் என்ற செய்தி வந்தபோதே லண்டனில் காஸ் நிறுவனப் பங்குகள் சரிந்தன. விளக்கு இன்னும் செய்யப்படவேயில்லை, செய்திக்கே அந்த நிலை. காஸ் விளக்கின் ஆயுள் இன்னும் பத்து ஆண்டுதான் என்று நினைத்தவர்களுக்குக் காரணம் இருந்தது. அந்தச் சுடர் மஞ்சளாக, ஆடிக்கொண்டே, நிறைய வாயுவைத் தின்று கொஞ்சம் வெளிச்சம் தருகிற ஒன்று.

இதை மாற்றியவர் வியன்னாவில் பிறந்த கார்ல் அவுர் ஃபான் வெல்ஸ்பாக். ஹைடல்பெர்கில் புன்சனிடம் படித்தவர். புன்சன் பர்னர் என்று பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் பார்த்திருக்கும் நீலச் சுடர் அந்த ஆசிரியருடையது. சாதாரணக் காஸ் சுடர் மஞ்சளாக ஒளிர்வதற்குக் காரணம் அதற்குள் எரியாமல் தகிக்கிற கரித்துகள்கள். காற்றை நன்றாகக் கலந்து எரித்தால் கரி முழுதும் எரிந்துவிடும். வெப்பம் மிகும், வெளிச்சம் போய்விடும். புன்சன் சுடர் அப்படிப்பட்டது. சூடு உண்டு, ஒளி இல்லை.

அவுரின் ஆர்வம் விளக்கில் அல்ல, அருமண் தனிமங்களில். ஒவ்வொன்றும் சுடரில் என்ன நிறம் காட்டுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. பிளாட்டினக் கம்பி நுனியில் ஒரு துளி உப்பை வைத்துக் காட்டினால் ஒளி போதவில்லை. உப்பைக் கரைத்து அதில் பருத்தி நூலை நனைத்துச் சுடரில் பிடித்தார். நூல் எரிந்து போயிற்று. ஆனால் நூல் இருந்த வடிவத்திலேயே ஆக்சைடு ஒரு கூடாக நின்று ஜொலித்தது. எங்கள் ஊர் வாடகை லைட் மாமா கோயில் வாசலில் செய்துகாட்டியது இதேதான்.

1885-ல் அவர் காப்புரிமை பெற்ற முதல் மேண்டிலில் இருந்தவை மெக்னீசியம், லாந்தனம், இட்ரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள். பச்சை சாய்ந்த வெளிச்சம். அதில் மனிதர் முகம் பிணம் போலத் தெரிந்தது. தொட்டால் நொறுங்கியது. வியன்னா அருகே தொடங்கிய ஆலை 1889-ல் மூடப்பட்டது. அவுர் விடவில்லை. தோரியம் ஆக்சைடு நன்றாக ஒளிர்வதைக் கண்டார். அதை இன்னும் சுத்தப்படுத்தினால் இன்னும் ஒளிரும் என்றுதானே யாரும் நினைப்போம்? சுத்தப்படுத்தச் சுத்தப்படுத்த வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. அழுக்காக ஒட்டியிருந்த ஏதோ ஒன்றுதான் ஒளியைத் தந்துகொண்டிருந்தது. தேடியபோது அது சீரியம். அளந்து பார்த்துக் கணக்கை நிறுத்தினார்கள்: தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. 1891 நவம்பரில் வியன்னாவில் ஒரு காபிக் கடை வாசலில் புது விளக்கு எரிந்தது. அதே அளவு வாயுவுக்குப் பல மடங்கு வெளிச்சம், வெள்ளையாக, ஆடாமல்.

செத்துப்போகவிருந்த காஸ் விளக்கு எழுந்து உட்கார்ந்தது. பெர்லினில் 1892-ல் அவுரின் பெயரில் நிறுவனம் தொடங்கியது. தெருவிளக்குகளில் பழைய சுடர்மூக்கைக் கழற்றி மேண்டிலை மாட்டினார்கள். வண்டிகள் கல் பாவிய தெருவில் கடகடத்து ஓடும் அதிர்விலேயே மேண்டில் உடைந்துவிடும். விளக்கேற்றுகிறவர் மாலையில் கோலோடு கிளம்பும்போது மாற்று மேண்டிலும் கையில் வைத்திருக்க வேண்டும். இப்படி உடைந்து உடைந்து மாற்றியதால்தான் மேண்டில்கள் கோடிக்கணக்கில் தேவைப்பட்டன. அவ்வளவு தோரியத்துக்கு எங்கே போவது?

மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் உண்டு. அது பிரேசிலின் பாகியா கடற்கரை மணலிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. ஜெர்மன் நிறுவனங்கள் சேர்ந்து அந்த வணிகத்தைக் கைக்குள் வைத்திருந்தன. இந்த நிலையில், 1909-ல், ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய்நார்க் கயிற்றில் மணல் ஒட்டியிருப்பதைக் கவனித்தார்.

அந்த மணல் ஒட்டிய விதத்தை நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மட்டையைக் கழியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்து அடித்து, நாரைக் காயவிட்டு, கடலோரத்திலேயே திரிக்கிற ஊர்களில் கயிற்றில் மணல் ஒட்டாமல் எப்படி இருக்கும்? நாம் உதறிவிட்டு வேலையைப் பார்ப்போம். ஷோம்பெர்க் உதறிய மணலைச் சோதித்தார். தேன் நிறத்தில் மின்னிய அந்தப் பொடி மோனசைட். பிரேசில் மணலில் இருந்ததைவிடத் தோரியம் இதில் கூடுதல். கயிறு வந்த வழியைப் பிடித்துக்கொண்டே அவர் வந்து சேர்ந்த இடம், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள மணவாளக்குறிச்சி. அங்கே மணலைப் பிரித்தெடுக்கும் ஆலையை அமைத்தார். அடுத்து கொல்லம் பக்கம் சவறாவிலும் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதம் அந்தக் கடற்கரைக்குப் போயிருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் சீறிக்கொண்டிருந்தது. அலை ஏறி இறங்குகிற இடத்தில் வெள்ளை மணல்மேல் மை கொட்டியதுபோலக் கறுப்புப் படலம். ஊரார் கருமணல் என்கிறார்கள். ஒரு பிடி அள்ளினால் கை இறங்குகிறது. சாதாரண மணலுக்கு அந்தக் கனம் கிடையாது. இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் எல்லாம் அந்தப் பிடிக்குள் கலந்து கிடக்கின்றன. மலைப்பாறைகள் யுகயுகமாகச் சிதைந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், அலை இலேசான மணலை அரித்துக்கொண்டு போக, கனத்தது கரையில் தங்கிவிடுகிறது. பெரிய ஆலை ஒன்று பல நூற்றாண்டு செய்ய வேண்டிய சலிப்பு வேலையைக் கடலே செய்து வைத்திருக்கிறது. உள்ளங்கையை விரித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது கறுப்புக்கு நடுவே மஞ்சள் குருணைகள் சில மின்னின. அவற்றில் எது மோனசைட் என்று பிரித்துச் சொல்லும் கண் எனக்கில்லை. ஆனால் நான் சிறுவனாகக் கொடை பார்த்த இரவுகளின் வெளிச்சம் இந்த மாதிரி ஒரு பிடியிலிருந்துதான் வந்தது என்ற நினைப்பில் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

இங்கே வாரிய மணல் கப்பலேறி ஜெர்மனிக்குப் போயிற்று. அங்கே கந்தக அமிலத்தில் வெந்து, தோரியம் பிரிந்து, நைட்ரேட்டாகி, நூல் பையில் ஊறி, மேண்டிலாயிற்று. தோரியத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற சீரியத்தையும் அவுர் வீணாக்கவில்லை. இரும்போடு கலந்து உரசினால் பொறி பறக்கிற கலவையை 1903-லேயே செய்திருந்தார். சிகரெட் லைட்டரில் இருக்கிற சின்னக் கல் அதுதான். பெர்லினில் மாக்ஸ் கிரெட்ஸ் என்பவரின் விளக்கு நிறுவனம், தெருக்குழாய் இல்லாத இடத்திலும் மேண்டில் எரிய வேண்டும் என்று, மண்ணெண்ணெயை அழுத்தத்தில் ஆவியாக்கும் கைவிளக்கைச் செய்தது. பெட்ரோலியத்தின் பெட்ரோவும் மாக்ஸ் என்ற அவர் பெயரும் சேர்ந்து பெட்ரோமாக்ஸ். அது பிறகு உலகமெல்லாம் சுற்றி, மணவாளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களின் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வந்து எரிந்தது.

தோரியம் கதிர்வீச்சு உள்ளது என்பது 1898-ல் மேரி கியூரியாலும் கெர்ஹார்ட் ஷ்மிட்டாலும் தனித்தனியே கண்டறியப்பட்டிருந்தது. அது தெரிந்த பிறகும் பல பத்தாண்டுகள் மேண்டில்கள் அப்படியேதான் செய்யப்பட்டன. இன்று விற்பவற்றில் பலவற்றில் தோரியத்துக்குப் பதில் இட்ரியம். பெர்லினின் காஸ் விளக்கைப் பற்றிய நூல்களில் அவுருக்கு ஓர் அத்தியாயம் இருக்கும், கிரெட்ஸுக்குச் சில பக்கங்கள் இருக்கும். முழங்கால் அளவு அலையில் நின்று கருமணலை வாரிக் கூடையில் சுமந்தவர்களின் பெயர் ஒன்றைக்கூட நான் இதுவரை எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. இந்த வரியை எழுதும்போது கோபம்தான் வருகிறது.

காஸ் தெருவிளக்குகள் முற்றிலும் போய்விடவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்கூடப் பெர்லினில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட காஸ் தெருவிளக்குகள் இருந்தன. உலகில் எஞ்சியிருந்த காஸ் விளக்குகளில் பாதிக்கும் மேல் அந்த ஒரே நகரத்தில். இப்போது வரிசையாக எல்.இ.டி.க்கு மாற்றுகிறார்கள். போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரத்தில் பழைய தேவாலயங்கள் இருக்கும் ஆஸ்ட்ரோஃப் தும்ஸ்கி பகுதியில், கறுப்பு மேலங்கி அணிந்த ஒருவர் இன்றும் மாலைதோறும் நீண்ட கோலோடு நடந்து, சுமார் நூறு விளக்குகளைக் கையாலேயே ஏற்றுகிறார். குரோஷியாவின் தலைநகர் சாக்ரெபிலும் பழைய மேட்டுநகரத் தெருக்களுக்கு விளக்கேற்றுகிறவர்கள் உண்டு.

மீண்டும் மணவாளக்குறிச்சிக்கு வருவோம். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. திருவிதாங்கூரில் இருந்த ஷோம்பெர்க் ஜெர்மானியர் என்பதால் கைது செய்யப்பட்டார். ஆலைகள் நின்றன. பிறகு ஓர் ஆங்கிலேய நிறுவனம் அவற்றை எடுத்துக்கொண்டது. வாரியது அதே கைகள், வந்தது அதே கடல் கொடுத்த மணல். ஜெர்மனிக்குப் போன சரக்கு இப்போது இங்கிலாந்துக்கு. ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் லண்டனில், ஜெர்மன் வான்கப்பல்களின் கண்ணில் நகரம் பட்டுவிடக் கூடாது என்று, தெருவிளக்குகளைக் குறைக்க உத்தரவாகியிருந்தது. எரிய விட்டவற்றின் கண்ணாடிக்கு, மேல்பாதி தெரியாதபடி, ஏணி வைத்து ஏறிக் கறுப்பு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

(அடுத்த வாரம்: வண்ணம் பூசிய விளக்குகள்)